மழை நின்ற நாட்டின் வாசகர்கள்

ஒரு படக்கதை பாதியில் நின்றுபோனதற்கு வாசகர்கள்தான் காரணம் என்று இப்போது ஊர் முழுக்கப் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கதையை ஒரு வாரம்கூடப் படித்ததில்லை. படிக்காதவர்களுக்கு மட்டும் வாய் எப்படித்தான் இவ்வளவு நீளமோ. நான் முதல் வாரத்திலிருந்து படித்தவள். வாசகர் குழுவை ஆரம்பித்தவளும் நான்தான். என் பெயர் வாசுகி; ஸ்கூடாயில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நியாயத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கதையின் பெயர் 'மழை நின்ற நாடு'. ரெங்கத்தில் இருக்கும் யோகேஸ்வரி என்ற பெண் அதை வரைந்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் இணையத்தில் போடுவாள். உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை. ஆனால் வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோல் வானளாவிய கட்டடங்கள் சரிவதெல்லாம் இதில் கிடையாது. அழிந்திருப்பது மலேசியாவின் தெற்கு முனையில் இருக்கும் நம் ஜொகூர். மழை நின்றுபோய், செம்பனை மரமெல்லாம் கரிக்கட்டையாக வரிசை கலையாமல் நிற்கும். மிச்சமிருக்கும் ஜனங்கள் பழைய எண்ணெய் ஆலைக்குள் குடியிருந்துகொண்டு, மரவள்ளிக்கிழங்கைப் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். சிங்கப்பூருக்குப் போகும் பாலம் நடுவில் அறுந்து கிடக்கும். இந்த நாட்டில் ஐயாசாமி என்ற கிழவர், முன்னாள் லோரி ஓட்டுநர், ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே நடக்கிறார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகனைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கிழவர் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. வெள்ளிக்கிழமை மாலையானால் எனக்கு வேலை ஓடாது. மேலதிகாரி எதிரில் நின்று பேசினாலும் காதில் ஏறாது. எங்கள் குழுவில் ஹேமநாதன் என்று ஒருவன் இருக்கிறான். அச்சுக்கடையில் கல்யாணப் பத்திரிகை, திருவிழாப் பதாகை, மரண அறிவிப்பு எல்லாம் வடிவமைப்பவன். அவன் அந்த நேரத்தில் கடைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து படிப்பான். மார்கஸ் என்று இன்னொருவன், தொழிற்சாலையில் வேலை. ஜெபக் கூட்டத்தில் வேதப் புத்தகத்துக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு படிப்பான். கிழவரைக் காட்டுநாய்கள் வளைத்துக்கொண்ட வாரம், எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது "ஓடுங்க அங்கிள்" என்று சத்தம் போட்டுவிட்டான். அடுத்த மாதம்வரை அவனை யாரும் வாசகம் படிக்கக் கூப்பிடவில்லை. ஒரு கதையின் மேல் இப்படி உயிரை வைக்கிறவர்களை எந்த ஊரில் பார்க்க முடியும்?

எங்களுக்கெல்லாம் உயிரான வாரம் ஒன்று உண்டு. கிழவரின் மனைவி இறந்துபோய், இந்தக் கரையில் சிதை எரிகிறது. பாலம் அறுந்து கிடப்பதால் மகன் வர முடியாமல் அந்தக் கரையில் நின்று புகையை மட்டும் பார்க்கிறான். அவன் முகத்தை யோகேஸ்வரி வரையவே இல்லை, முதுகு மட்டும்தான். அதைப் பார்த்து நான் அழுத அழுகையில் என் வீட்டுக்காரர் பயந்துபோய் என் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். ஹேமநாதன் அந்தப் படத்தைக் கறுப்பு டி-சட்டையில் அச்சடித்தான். நெஞ்சு முழுக்கப் புகை, அதன் கீழே மகனின் முதுகு. குழுவில் எல்லாரும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டோம்.

யோகேஸ்வரியிடம் ஒரு குறை உண்டு. சோம்பேறி. ஒரு வெள்ளிக்கிழமை, காய்ச்சல், அடுத்த வாரம் போடுகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டாள். குழு கொதித்துப்போனது. காய்ச்சல் உடம்புக்குத்தானே, கைக்கு இல்லையே என்று நான் எழுதினேன். அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாளில் அவள் படத்தைப் போட்டாள். கோடெல்லாம் நடுங்கியிருந்தது. ஆனால் கிழவர் பசியில் தள்ளாடும் காட்சி என்பதால் அந்த நடுக்கம் பொருத்தமாகவே இருந்தது. கொஞ்சம் அதட்டினால் நல்ல கலை வருகிறது. அவளுக்கே அது புரியவில்லை.

அவள் வீட்டைக் கண்டுபிடித்தது மார்கஸ். படங்களில் வந்த தண்ணீர்த் தொட்டி, கோவில் வளைவு, முனைக் கடை எல்லாவற்றையும் வரைபடத்தில் ஒப்பிட்டு, இந்தக் குடியிருப்புத் தாமான்தான், இந்த வரிசைதான் என்று சொல்லிவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்கிக்கொண்டு நாங்கள் மூவரும் சொல்லாமல் போய் நின்றோம். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கிழவர். அதே குழிந்த கன்னம், அதே வளைந்த மூக்கு. பெயர் கேட்டால் ஐயாசாமி என்கிறார். யோகேஸ்வரியின் அப்பா. அவள் எதையும் கற்பனை செய்யவில்லை. வீட்டில் இருந்தவரை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாள். ஹேமநாதன் அவர் காலில் விழுந்தான். மார்கஸ் எல்லாக் கோணத்திலிருந்தும் படம் எடுத்தான்.

ஐயாசாமிக்கு ஆள் வந்தால் போதும், பேச்சு நிற்காது. எங்களை உட்கார வைத்து, மகளைக் கோப்பி கலக்கச் சொல்லிவிட்டு அவரே எல்லாவற்றையும் கொட்டினார். கதையில் வரும் மகனும் நிஜம்தான். பெயர் ஜீவன், சிங்கப்பூரில் வேலை. நோய்க்காலத்தில் எல்லையை மூடியிருந்தபோது ஜீவனின் அம்மா ராசம்மா நெஞ்சுவலியில் போய்விட்டார். அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று ஜீவன் கெஞ்சியிருக்கிறான். இவர் பொறுக்கவில்லை. அன்று மாலையே எடுத்துவிட்டார். போதாததற்கு, கைப்பேசியில் அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தவனிடம், உனக்கு அம்மா பெரிதா வேலை பெரிதா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார். அப்போது அவன் சொன்னதை ஐயாசாமி எங்களுக்கு அப்படியே சொல்லிக் காட்டினார்.

"இனிமே உங்க சாவுக்குத்தான் நான் அந்த வாசல மிதிப்பேன்னான். அதோட சரி. பேச்சுமில்ல, மூச்சுமில்ல. எல்லை தொறந்து எம்புட்டு நாளாச்சு, வரல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், மன்னிப்புக்கூடக் கேட்டுவிடுவேன் என்றார். போன் போட்டுக் கேட்கலாமே என்று மார்கஸ் சொன்னான். போட்டால் எடுப்பதில்லையாம். யோகேஸ்வரி சமையலறை வாசலில் நின்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் தன்னோடு மட்டும் எப்போதாவது பேசுவார், இதெல்லாம் வெளியே போனால் அதுவும் நின்றுவிடும், தயவுசெய்து குழுவில் போடாதீர்கள் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டாள். அதனால் நாங்கள் குடும்பக் கதையைப் போடவில்லை. படங்களை மட்டும் போட்டோம்.

பிறகுதான் பிரச்சினை. கதையில் கிழவர் ஒருவழியாக அறுந்த பாலத்தை அடைந்துவிட்டார். அடைந்தவர் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரம் உட்கார்ந்தார், இரண்டு வாரம் உட்கார்ந்தார், மாதம் முழுக்க உட்கார்ந்தே இருந்தார். மகன் வருவானா மாட்டானா என்று நாங்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு கிடக்க, இவள் தண்ணீரையும் மேகத்தையும் வரைந்துகொண்டிருக்கிறாள். முடிவு தெரியாமல் இழுக்கிறாள் என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும். நான் குழுவில் வாக்கெடுப்பு வைத்தேன்: மகன் வர வேண்டுமா, கிழவர் சாக வேண்டுமா? கிழவர் சாக வேண்டும் என்பதற்கே அதிக வாக்கு. சும்மா உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் அலுத்துவிட்டது. முடிவை யோகேஸ்வரிக்கு அனுப்பினேன். பார்த்தாள், பதில் போடவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கிழவர் பாலத்தின் விளிம்பில் படுத்துக்கொண்டார். கடைசிக் கட்டம் முழுக் கறுப்பு.

அன்று நாங்கள் துடித்த துடிப்பு யாருக்கும் வரக்கூடாது. வாக்குப் போட்டது நாங்கள்தான், அதற்காக அழக்கூடாதா? ஹேமநாதன் மறுநாள் கடைக்குப் போய், தன் துக்கத்தைத் தனக்குத் தெரிந்த வேலையில் காட்டினான். கிழவருக்கு ஒரு மரண அறிவிப்பு செய்தான். நம் ஊர் வாட்ஸ்அப்பில் தினமும் வருமே, அதே அச்சு: மேலே குத்துவிளக்கு, நடுவே மாலை போட்ட வட்டத்துக்குள் படம், கீழே விவரம். படம் மார்கஸ் அந்த வீட்டில் எடுத்தது. 'அமரர் ஐயாசாமி, முன்னாள் லோரி ஓட்டுநர், ரெங்கம். மகன் ஜீவன், சிங்கப்பூர். மகள் யோகேஸ்வரி.' வீட்டு முகவரி. நல்லுடல் ஞாயிறு பிற்பகல் வீட்டிலிருந்து மின்சுடலைக்கு எடுத்துச் செல்லப்படும் என்று ஒரு வரி. அடியில் பொடி எழுத்தில் 'மழை நின்ற நாடு வாசகர் வட்டம்' என்று போட்டிருந்தான். ஆக, ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவனுக்குத் துளியும் கிடையாது. மகன் பெயரை ஏன் போட்டாய் என்று பிறகு எல்லாரும் அவனைக் கடிந்துகொண்டார்கள். பெற்ற பிள்ளை பெயர் இல்லாமல் எந்த ஊரில் மரண அறிவிப்பு வருகிறது?

எங்கள் குழுவில் போட்டதை யாரோ வேறு குழுவில் போட்டார்கள். அங்கிருந்து ரெங்கத்து ஆட்கள் குழு, பாலோ தோட்டத்துப் பழைய மாணவர் குழு, லோரிக்காரர்கள் குழு என்று இரவுக்குள் சுற்றி வந்துவிட்டது. அடியில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தவர்களும், ஏதோ மன்றம் முன்னின்று சாவு வேலை பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். நம் ஆட்களுக்கு மன்றம் என்றால் சந்தேகமே வராது.

ஞாயிறு காலை யோகேஸ்வரி எனக்குப் போன் செய்தாள். வாசலில் ஜனங்கள் மாலையோடு வந்து நிற்கிறார்கள், அந்த அறிவிப்பை எடுக்கச் சொல்லுங்கள் அக்கா என்று அழுதாள். மார்கஸ் காரை எடுத்தான். நாங்கள் மூவரும் கிளம்பினோம். துக்கத்துக்குரிய வாரம் என்பதால் ஏற்கெனவே டி-சட்டையில்தான் இருந்தோம். குழுவிலும் சொல்லிவிட்டேன். ஸ்கூடாயிலிருந்து இன்னும் சில கார்கள் பின்னால் வந்தன.

போய்ப் பார்த்தால் சாவு வீடு ஜோராக இருக்கிறது. பக்கத்து வீட்டார் அவசரத்துக்குப் பந்தல்கூடப் போட்டுவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பழைய லோரிக்காரர்கள். நடுவில் ஐயாசாமி, கைலியோடு, கோப்பி குடித்துக்கொண்டு. பாலோவிலிருந்து ஒரு அம்மா மாரில் அடித்துக்கொண்டே உள்ளே வந்தார். இவரைப் பார்த்ததும் அடித்த கை அப்படியே நின்றது. வந்தது வந்துவிட்டாய், ஒரு ஒப்பாரி வைத்துவிட்டுப் போ, எப்படி இருக்கிறதென்று நானும் கேட்கிறேன் என்றார் ஐயாசாமி. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். செல்லப்பன் என்ற அவருடைய பழைய கூட்டாளி, வாங்கி வந்த மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எங்களை யாரும் திட்டவில்லை. உண்மையில் அந்த வீட்டில் ராசம்மா போன பிறகு இவ்வளவு கலகலப்பு அன்றுதான்.

அப்போது யோகேஸ்வரி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். எனக்குப் போன் செய்ததிலிருந்து வாசலில் ஆட்களைச் சமாளித்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் கைப்பேசியைப் பார்த்திருக்கிறாள். அறிவிப்பு சிங்கப்பூர்வரை போய், ஜீவன் பலமுறை கூப்பிட்டிருக்கிறான். எடுக்காததால் செய்தி அனுப்பியிருக்கிறான். அவள் அதை அப்பாவிடம் நீட்டினாள். கண்ணாடி இல்லாததால் அவர் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் சத்தமாகப் படித்தேன்.

"கெளம்பிட்டேன் தங்கச்சி. பாலத்துல ஜாம். நான் வர்ற வரைக்கும் அப்பாவ எடுத்துறாதீங்க. கால்ல விழுந்து கேட்டுக்கிறேன், எடுத்துறாதீங்க."

ஐயாசாமி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, 'வரான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இத்தனை மாதம் காத்துக்கிடந்தோமே, மகன் வருகிறான். அதுவும் பாலத்தைத் தாண்டி.

யோகேஸ்வரி உடனே அண்ணனைக் கூப்பிடப் போனாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடலாம், பாதி வழி வந்தவர் பார்க்காமலா போய்விடுவார் என்று அவள் மன்றாடினாள். ஐயாசாமி கேட்கவில்லை.

"உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சா அவன் பாலத்துலயே திரும்பிருவான்மா. எனக்குத் தெரியும் அவன. ஒருவாட்டி வாசலுக்குள்ள கால வச்சிரட்டும். அப்புறம் நான் பாத்துக்கறேன்."

அண்ணன் அழுதுகொண்டு வருவார் அப்பா, வேண்டாம் என்றாள் அவள். அழட்டும், அம்மாவுக்கும் சேர்த்து அழட்டும் என்றார் அவர். எனக்கு அவர் பேச்சு சரியென்றே பட்டது. முடிவு தெரியாமல் மாதக்கணக்கில் மேகம் வரைந்தவளுக்கு, முடிவு தானாகக் காரேறி வருகிறது. அதைப் போன் போட்டுக் கெடுப்பாளா? கைப்பேசி என் கையில்தான் இருந்தது. ஐயாசாமி என்னைப் பார்த்து, நீயே வைத்துக்கொள்ளம்மா, இவளிடம் கொடுக்காதே என்றார். பெரியவர் சொன்ன சொல்லை மீற முடியுமா? கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். மதியத்துக்குள் அது உள்ளே பலமுறை அதிர்ந்தது. எடுக்கவில்லை. வந்திருந்த ஜனங்களிடமும், யாராவது ஜீவனுக்குத் தகவல் சொன்னால் என் முகத்தில் விழிக்கக்கூடாது என்று ஐயாசாமி சொல்லிவிட்டார். யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் பார்க்க ஆசை.

அவர் முகம் மழித்தார். பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பந்தலின் கோடியில், வாசலைப் பார்த்தமாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சட்டை நன்றாக இருக்கிறதா என்று என்னையும் கேட்டார், ஹேமநாதனையும் கேட்டார். மார்கஸ் இடத்தைக் குழுவில் போட்டுவிட்டதால் எங்கள் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வாசலிலிருந்து முனைக் கடைவரை இரண்டு பக்கமும் கறுப்பு டி-சட்டை. கைப்பேசிகள் தயார். கிழவரை நேரில் பார்த்துச் சில பேர் அழுதேவிட்டார்கள். யோகேஸ்வரி மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் சிங்கப்பூர் எண் போட்ட கார் ஒன்று தாமானுக்குள் திரும்பியது. கூட்டத்தால் உள்ளே வர முடியாமல் முனையிலேயே நின்றது. ஒருவன் இறங்கினான். நல்ல உயரம், காலில் செருப்பில்லை, இரண்டு கையிலும் பெரிய ரோஜா மாலை. நடக்க ஆரம்பித்தபோதே அழுகை வந்துவிட்டது அவனுக்கு. 'அப்பா, அப்பா' என்று வாய்விட்டு அழுதுகொண்டே வந்தான். அந்த முதுகைத்தானே நாங்கள் நெஞ்சில் அச்சடித்து வைத்திருந்தோம். இப்போது முகம் தெரிகிறது.

யார் ஆரம்பித்தது என்று தெரியாது. கைதட்டல் முனையில் தொடங்கி வாசல்வரை வந்துவிட்டது. ஒருவன் விசிலடித்தான். நானும் தட்டினேன், கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தட்டினேன். வேறென்ன செய்வது? ஜீவன் நடுவழியில் நின்றான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். தன் அப்பாவின் சாவுக்கு ஏன் இத்தனை பேர் கைதட்டுகிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. பிறகு மாலையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

ஐயாசாமி எழுந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் நீட்டியிருந்தார்.

"வந்துட்டியாய்யா."

ஜீவன் அவரைத் தொட்டுப் பார்த்தான். கன்னத்தை, தோளை, நெஞ்சை. பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டான். நடுவில் மாலை கசங்கியது. அது மார்கஸின் காணொளியில் இருக்கிறது, கல்மனசுக்காரர்களும் பார்த்தால் உருகிவிடுவார்கள். கிழவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, அப்பாதான் தப்பு, அப்பாதான் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். நாங்களெல்லாம் அப்படித்தான் நினைத்தோம்.

ஜீவன் தலையை நிமிர்த்தினான். பந்தலுக்கு வெளியே நீட்டியிருந்த கைப்பேசிகளைப் பார்த்தான். இவர்களெல்லாம் யார் என்று தங்கையைக் கேட்டான். ஹேமநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன்தான் முன்னால் போய்ச் சொன்னான்.

"நாங்க வாசகருங்க அண்ணே. நீங்க எப்ப வருவீங்க, எப்ப வருவீங்கன்னு வாராவாரம் காத்துக்கிட்டிருந்தோம்லா. நோட்டீஸ் நான் செஞ்சதுதான்."

ஜீவன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பார்வை டி-சட்டையில் நின்றது. சிதை, புகை, முதுகு. கிட்டப் போய்ப் பார்த்தான். பிறகு எங்கள் ஒவ்வொருவர் நெஞ்சையும் பார்த்தான். எத்தனை பேர் நெஞ்சில் தன் அம்மா எரிகிறாள் என்று அவனுக்குப் புரிவது முகத்தில் தெரிந்தது. இது அவ்வளவு அழகாக வந்த படம் என்று அவனிடம் சொல்ல நினைத்தேன், நேரம் சரியில்லை. அவன் திரும்பி அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டான், தான் வந்துகொண்டிருப்பது தெரியுமா என்று. தெரியும் என்றார் அவர். எடுத்துவிடாதீர்கள் என்று நான் அனுப்பியதைப் படித்தீர்களா என்றான். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்யா என்றார், சந்தோஷமாக.

அதற்குப் பிறகு ஜீவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தோம். போடவில்லை. கசங்கிய மாலையை உதறிச் சரி செய்தான். இரண்டு கையாலும் அதை அப்பாவின் கழுத்தில் போட்டான், பூ உதிராமல், பக்குவமாக. காலடியில் குனிந்து இரண்டு பாதத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவரையும் நாற்காலியையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அப்போதுதான் ஐயாசாமிக்குச் சிரிப்பு போனது.

"அம்மாவுக்கு அழ விடல நீங்க. ஒங்களுக்கு அழுதாச்சுப்பா. பாலத்துலருந்து இங்க வரைக்கும் அழுது முடிச்சாச்சு. இனிமே எனக்கு யாரும் சொல்லி அனுப்ப வேணாம்."

வாசற்படி ஓரத்தில் கால் கழுவும் குழாய் இருந்தது. அவன் அதைத் திறந்துவிட்டு, குனிந்து தலையை நீட்டினான். சாவு வீட்டுக்குப் போனவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்களே, அப்படி. சட்டையெல்லாம் நனைந்தது. நிதானமாகக் குழாயை மூடினான். தங்கையின் தலையை ஒரு தடவை தொட்டான். யாரையும் பார்க்காமல் நேராக நடந்து போய்க் காரில் ஏறிக்கொண்டான். ஈரக் கால்தடம் முனைவரை போனது.

ஐயாசாமி கழுத்து மாலையோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்திலிருந்த செல்லப்பனிடம், சொல்லிக்கொள்ளாமல் போகிறானே என்றார்.

"சாவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக்கூடாதுல்ல ஐயாசாமி" என்றார் செல்லப்பன்.

நான் கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து யோகேஸ்வரியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமலே, முடிவு வந்துவிட்டது அக்கா, திருப்திதானே என்று கேட்டாள். மனத்தில் பட்டதை மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நன்றாகத்தான் இருக்கிறது, மகன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம், அதை வரையும்போது சரி பண்ணிக்கொள் என்றேன். அவள் அங்கேயே உட்கார்ந்தபடி ஒவ்வொரு வாரத்தையும் இணையத்திலிருந்து அழித்தாள். எங்கள் கண்ணெதிரே, முதல் வாரம்வரை. எத்தனை பேரின் உழைப்பும் அன்பும் அதில் இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தாளா? மார்கஸ் எடுத்த காணொளி மட்டும்தான் மிச்சம். அதைப் பார்த்தவர்கள் எங்கள் கதையைப் படித்தவர்களைவிட அதிகம்.

கூட்டம் கலைந்தது. லோரிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். செல்லப்பன் சொன்னது காதில் விழுந்ததாலோ என்னவோ, ஒருவரும் ஐயாசாமியிடம் விடைபெறவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியேறி, குழாயடியில் கையையும் காலையும் கழுவிக்கொண்டு மோட்டாரை எடுத்தார்கள். பாலோ அம்மாவும் அப்படியே போய்விட்டார். நாங்களும் வேறென்ன செய்ய முடியும்? கால் கழுவிக்கொண்டு காரில் ஏறினோம்.

மார்கஸ் வண்டியைக் கிளப்பியபோது கிழவர் மாலையோடு வாசலுக்கு வந்துவிட்டார். போகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"யாராச்சும் ஒருத்தராவது போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போங்க. நான் இருக்கேன்ல."

என் பக்கத்துக் கண்ணாடி ஏற்றியிருந்தது. மார்கஸ் காரை முனைக் கடையைத் தாண்டி ஓட்டிவிட்டான்.